உமகனியின் சத்தியம்

சோல்தாவில் யாருக்காவது சாட்சி வேண்டுமென்றால் என் அத்தை உமகனியைத்தான் கூப்பிடுவார்கள். வேலி எங்கே நின்றது, கோழியை எந்த வீட்டு நாய் கடித்தது, கல்யாண வீட்டில் முதலில் கையை ஓங்கியவன் யார், எந்த வழக்கானாலும் "உமகனி பாத்தாளா?" என்பதுதான் முதல் கேள்வி. அவள் பார்த்திருந்தால் வழக்கு அத்தோடு முடிந்தது. சோல்தாவில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். அவள் ஒருத்திதான் வெளியூரிலிருந்து வாழ வந்தவள், எந்தக் குலத்துக்கும் சாய வேண்டிய கட்டாயம் இல்லாதவள்.

ஒருமுறை மேய்ச்சலில் கலந்துபோன ஒரு கிடாய்க்காக அவள் புருஷன் சைகித் மாமாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "அது அவங்களோடது. நம்ம கிடாய்க்கு இடது காதுல வெட்டு இருக்கும்" என்று சொல்லிவிட்டு கிங்காலுக்கு மாவு பிசையப் போய்விட்டாள். மாமா ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை. பிறகு அவரே அதைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். "என் வீட்டுல ஒரு கோர்ட்டு இருக்கு. தினமும் கிங்கால் வேற அவிச்சுப் போடுது," என்பார்.

ஊர் மருத்துவமனையில் அவளுக்குத் துப்புரவு வேலை. அடுப்பு மூட்டுவாள், தரை துடைப்பாள், டாக்டர் வராத நாட்களில் காயத்துக்குக் கட்டுப்போடுவாள். அதிகம் பேசமாட்டாள். அதற்குக் காரணம் சுபாவம் மட்டும் அல்ல.

சோல்தாவுக்கு மேலே, ஆறு தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர் கெரோத் இருக்கிறது. எங்கள் மொழிக்கும் அதுதான் பெயர். உலகத்தில் அந்த ஓர் ஊரில்தான் அதைப் பேசுகிறோம். அதற்கு எழுத்து கிடையாது. பள்ளிக்கூடத்தில் சுற்று மலையூர்களின் பொது மொழியான அவாரும், கூடவே ரஷ்யனும் படிக்கிறோம். கணக்கெடுக்க வருகிறவர்கள் எங்களை அவார்கள் என்றே எழுதிக்கொண்டு போவார்கள், நாங்களும் திருத்துவதில்லை. ஒரு வீட்டில் இருபது கெரோத்காரர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது வெளியூர்க்காரர் ஒருவர் உள்ளே வந்தால், இருபது பேரும் அந்த நொடியே அவாருக்கு மாறிவிடுவோம். புரியாதவர் முன்னால் எங்கள் மொழியில் பேசுவது அவர் முகத்துக்கு நேரே அடுத்தவர் காதில் கிசுகிசுப்பது போன்றது.

அத்தை இந்த மரியாதையை இருபத்தேழு வருஷம் கட்டிக்காத்தாள். சோல்தாவில் அவளைத் தவிர யாருக்கும் கெரோத் தெரியாது. ஆகவே அங்கே அவள் வாயிலிருந்து அது வந்ததே இல்லை என்றுதான் ஊர் நம்பியிருந்தது. ஆறு வருஷம் எங்கெங்கோ ஹோட்டல்களிலும் மீன் ஆலைகளிலும் வேலை பார்த்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, அப்பா வீட்டில் கால் தரிக்காமல் கீழே இறங்கி அத்தை வீட்டில் தங்கினேன். அப்புறம்தான் அவளுக்குப் பேச ஆள் கிடைத்தது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். வெளியே காலடிச் சத்தம் கேட்டால் பாதி வாக்கியத்திலேயே அவாருக்குத் தாவிவிடுவாள்.

இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வெளியூரில் கெரோத்காரன் தன் மொழியில் முணுமுணுத்தால், அதைப் பேச்சாகவே அவன் நினைப்பதில்லை. மனசுக்குள் நினைத்துக்கொண்ட மாதிரிதான். யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். சந்தையில் வியாபாரியின் முகத்துக்கு நேரே அவன் மூக்கைக் கேலி செய்வோம். எங்கள் ஊர் ஹிஸ்ரி பெரியவரின் நாக்கு அந்தப் பழக்கத்தில்தான் வழுக்கியது.

நான் திரும்பி வந்த வருஷம் இலையுதிர் காலத்தில், வைக்கோல் ஏற்றிக்கொண்டு மேலே வந்த லாரி சோல்தாவின் ஆலை வளைவில் ஒரு பையனின் மேல் ஏறிவிட்டது. இறந்தவன் தாகிர். என் அத்தையின் மூத்த ஓரகத்தி ஸல்மூவின் ஒரே மகன். ஓட்டியவன் எங்கள் ஊர் லபசான், ஹிஸ்ரியின் மகன். போலீஸ் வந்து அளந்து பார்த்து, ஓட்டியவன்மேல் தவறில்லை என்று எழுதிவிட்டுப் போனது. மலையில் போலீஸ் எழுதுவது ஒன்று, ஊர் முடிவு செய்வது ஒன்று. லபசானை அன்றைக்கே சமவெளிக்கு, ஆட்டுக் கிடைக்கு அனுப்பிவிட்டார்கள். தாகிரின் சித்தப்பா மகன்கள் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு வைத்திருப்பதாகப் பேச்சு வந்தது. கெரோத் ஆண்கள் சோல்தா வழியாகப் போவதை நிறுத்தினார்கள். எங்களுக்குக் கீழே இறங்க வேறு சாலை கிடையாது.

நாற்பதாம் நாள் கழிந்ததும் சமாதானத்துக்கு நாள் குறித்தார்கள். நடுவராக அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து இத்ரீஸ் ஹாஜி வந்தார். அன்றைக்கு மன்னிப்புக் கிடைத்தால் லபசான் வீடு திரும்பலாம். கிடைக்காவிட்டால் அவன் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை. இரண்டாவது முறை கேட்கும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

கெரோத் ஆண்கள் விடியும்போதே சோல்தாவுக்குக் கீழே அறுத்த புல்வெளியில் வந்து நின்றார்கள். எல்லோரும் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார்கள். லபசான் முன்னால் நின்றான். தாடி வளர்ந்து, இடுப்பில் பெல்ட் இல்லாமல், தோளில் கஃபன் துணி. கொல்வதானால் கொன்று இதில் சுற்றிக்கொள்ளுங்கள் என்பது அதன் அர்த்தம். அவனுக்குப் பின்னால் ஹிஸ்ரி. அவருக்கு வலது முழங்கால் வளையாது. மூன்றாவது வரிசையில் என் அப்பா. பனியும் மழையும் சேர்ந்து விழுந்துகொண்டிருந்தது. இறந்தவன் வீட்டார் மன்னித்து மேலே கூப்பிடும்வரை அவர்கள் வாயைத் திறக்கக் கூடாது, உட்காரக் கூடாது, திட்டினாலும் துப்பினாலும் துடைக்கக் கூடாது.

பெண்களாகிய நாங்கள் மேலே முதல் வீட்டின் தட்டைக் கூரையில் நின்றிருந்தோம். ஸல்மூ பெரியம்மா நடுவில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். அத்தை அவளுக்குப் பக்கத்தில். நான் அத்தைக்குப் பின்னால்.

மதியம்வரை சோல்தாக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போய்த் திட்டிவிட்டு வந்தார்கள். தாகிரின் பங்காளி ஒருவன் லபசானின் காலடியில் துப்பினான். லபசான் அசையவில்லை. திட்டித் தீர்ப்பது நல்ல அறிகுறிதான். பேச்சில் போனால் கத்தியில் வராது.

கடைசியாகத் திபிர் எழுந்தார். தாகிரின் அப்பா எப்போதோ இறந்துபோனதால் குடும்பத்துக்குப் பெரியவர் சித்தப்பா திபிர்தான். என் மாமாவுக்கு அண்ணன்.

"என் அண்ணன் பையன் எறும்பக்கூட மிதிக்காதவன்," என்றார் அவாரில். "தொழுதுட்டு வீட்டுக்கு ஓரமா நடந்து வந்துட்டிருந்தான். ஓரமா நடந்தவன இவன் நாய அடிக்கிற மாதிரி அடிச்சுப் போட்டான்."

எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள். அந்த அமைதியில் ஹிஸ்ரியின் குரல் கேட்டது. கெரோத்தில். அவர் சொன்னதை இங்கே எழுத ஸல்மூ பெரியம்மாவின் சம்மதம் இருக்கிறது.

"குடிச்சுட்டு நடு ரோட்டுல படுத்துக் கிடந்தவன் ஓரமா நடந்தானாம். அந்தக் குடிகாரனுக்கு என் பையன் கஃபன் சுமக்கிறான்."

அவர் தனக்குத்தானேதான் சொன்னார். விடியலிலிருந்து வளையாத காலில் நின்ற எரிச்சலில் சொன்னார். ஆனால் காற்று நின்றிருந்தது. கூரைவரை கேட்டது.

அத்தையின் முதுகு என் முன்னால் இருந்தது. அது அசையவில்லை.

"என்னய்யா சொன்னே?" என்றார் திபிர்.

ஹிஸ்ரியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "ஒண்ணுமில்ல. துவா கேட்டேன்."

"எனக்குத் தெரியாத பாஷையில, என் முகத்தப் பாத்து, பல்லக் கடிச்சுட்டுக் கேக்கறதுக்குப் பேரு துவாவா? துவா கேட்டியா, சாபம் விட்டியா?"

"செத்துப் போனவனத் திட்டினான்," என்றான் துப்பிய பங்காளி. "எனக்கு மொழி தெரியாட்டி என்ன, தொனி தெரியாதா?"

இத்ரீஸ் ஹாஜி கையைத் தூக்கினார். "பொறுங்கப்பா. தொனிய வச்சு ரத்தம் சிந்த முடியாது. இவர் சொன்னது புரிஞ்ச ஆள் சோல்தாவுல யாராவது உண்டா?"

யாரும் யோசிக்கவே இல்லை. எல்லாத் தலைகளும் ஒன்றாகக் கூரையைப் பார்த்துத் திரும்பின.

"நம்ம உமகனி இருக்காளே," என்றார் திபிர். அவர் குரலில் நிம்மதி இருந்தது. "பொய் சொல்லத் தெரியாதவ. புருஷனுக்கு எதிராவே சாட்சி சொன்னவ. இறங்கி வாம்மா."

"நானும் கெரோத்துதான். நான் சொல்றேன்," என்று நான் முன்னால் வந்தேன்.

"நீ அவங்க ஊர்க்காரி, பாரிசா. உன் அப்பன் அங்க நிக்கிறான். நீ சும்மா இரு."

அத்தை பின்னால் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். பிறகு ஏணியில் இறங்கினாள். நானும் இறங்கினேன்.

கீழே நின்ற எங்கள் ஊர் ஆண்களின் முகங்களைப் பார்த்தேன். ஒருவருக்கும் நம்பிக்கை இல்லை. கிடாய்க் கதை கெரோத்துக்கும் தெரியும். அதுவுமில்லாமல் ஹிஸ்ரி சொன்னது உண்மை என்பது என் அத்தைக்குத் தெரியும். தாகிரை மருத்துவமனைக்குத் தூக்கி வந்தபோது அவன் முகத்தைத் துடைத்தது அவள்தான். துடைத்த துணியில் சாராய வாடை அடித்ததை அவள் என்னிடம் மட்டும், சமையலறையில், எங்கள் மொழியில் சொல்லியிருந்தாள்.

பள்ளிவாசலிலிருந்து குர்ஆனைக் கொண்டுவந்தார்கள். அத்தை மழைத்தண்ணீரில் கையைக் கழுவி, தலைத்துண்டில் துடைத்து, அதன்மேல் வைத்தாள்.

"இவர் என்ன சொன்னாருன்னு சொல்லும்மா," என்றார் ஹாஜி.

அத்தை ஹிஸ்ரியைப் பார்க்கவில்லை, லபசானையும் பார்க்கவில்லை. கூரையில் உட்கார்ந்திருந்த ஸல்மூ பெரியம்மாவை ஒருமுறை பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள். "அந்தப் பாஷை எங்கிட்ட இல்ல. மறந்து போச்சு."

சோல்தா இளைஞர்கள் சிரித்தார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வாய் பிளந்து பார்த்தார். அவள் என்ன செய்கிறாள் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"தாய்ப்பாலோட குடிச்ச பாஷை மறக்குமா?" என்றார் திபிர்.

"இருபத்தேழு வருஷமாச்சு மச்சான். நான் யார்கிட்டப் பேசினேன்? நீங்க யாராவது கேட்டிருக்கீங்களா?"

யாரும் கேட்டதில்லைதான். திபிர் முட்டாள் அல்ல. வரிசைக்குள் போய் என் அப்பாவின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய், காதில் ஏதோ சொன்னார். அப்பா தலையை ஆட்டி மறுத்தார். திபிர் மறுபடி சொன்னார். மன்னிப்புக் கேட்டு நிற்கும் பக்கம் எதையும் மறுக்க முடியாது.

"இதத்தான் சொல்லணும். உன் பாஷையில. ஒரு வார்த்த மாத்தினாலும் உன் முகத்துல கண்டுபிடிச்சுடுவேன்," என்றார் திபிர், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு வந்து அத்தையின் எதிரில், ஒரு முழ தூரத்தில், அவள் கண்ணைப் பார்த்தபடி நின்றார்.

அப்பா பேசினார். அவர் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"உமகனி, ஹம்சத் வேல பாக்கிற இடத்துல மேலேர்ந்து விழுந்துட்டான். காலையில போன் வந்துச்சு. பொழைக்க மாட்டான்னு சொல்லிட்டாங்க."

ஹம்சத் அத்தையின் மகன். வடக்கே, எண்ணெய்க் கிணறுகளில் வேலை. இரண்டு நாளாக அவன் போன் செய்யவில்லை என்று அன்று காலையில்தான் அத்தை சொல்லியிருந்தாள்.

என் வாயிலிருந்து சத்தம் வந்துவிடும் போலிருந்தது. துண்டை வாயில் திணித்துக்கொண்டு, இருமுவது போல் குனிந்தேன். திபிர் சொல்லச் சொன்னது அது என்பது தெரிந்தது. ஆனால் பொய்யாகச் சொல்லச் சொன்னாரா? நிஜமாகவே வந்த செய்தியைச் சமயம் பார்த்துச் சொல்ல வைத்தாரா? போன் திபிரின் வீட்டுக்கும் வந்திருக்கலாம். ஹம்சத் அவருக்கும் ரத்தம்தானே. எனக்குத் தெரியவில்லை. அத்தைக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

சைகித் மாமா பக்கத்தில் நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். தன் மகன் பெயர் காதில் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

அத்தையின் கை குர்ஆனின்மேல் இருந்தது. அது நடுங்கியிருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அவள் புருவத்தைச் சுருக்கி, காது கேளாதவர்கள் பார்ப்பதுபோல அப்பாவைப் பார்த்தாள்.

"ஹம்சத்னு மட்டும் கேக்குது. மத்தது புரியல அண்ணே. அவார்ல சொல்லுங்க."

அப்பா திபிரைப் பார்த்தார். திபிர் தலையசைத்தார், வேண்டாம் என்று. அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா கேட்டுப் பாத்தோம்," என்றார் திபிர். அவர் பாதிதான் நம்பினார். கூரையைப் பார்த்துத் திரும்பினார். "அண்ணி, நீங்க சொல்லுங்க. நீங்களும் இவளும் ஒரே கொட்டகையிலதான் பால் கறக்குறீங்க. ஒரு நாளாவது இவ அந்தப் பாஷை பேசிக் கேட்டிருக்கீங்களா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் அறை ஜன்னல் அந்தக் கொட்டகையைப் பார்த்தது. தினமும் காலையில் அத்தை தன் பசுவின் விலாவில் நெற்றியை முட்டுக் கொடுத்துக்கொண்டு, பால் சுரக்கும்வரை அதனிடம் கெரோத்தில் பேசுவாள். முந்தின நாள் நடந்தது, மாமா குறட்டை விட்டது, விலைவாசி, எல்லாம். மாடு விருந்தாளி இல்லையே என்று என்னிடம் சொல்வாள். அந்தப் பக்கத்துத் தடுப்பில், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஸல்மூ உட்கார்ந்து தன் மாட்டைக் கறப்பாள். இருபத்தேழு வருஷமாக.

ஸல்மூ பெரியம்மா பெட்டியிலிருந்து எழுந்து நின்றாள். மெலிந்த உயரமான பெண். மகன் போனதிலிருந்து அவள் யாரிடமும் முழு வாக்கியமாகப் பேசியதில்லை.

"இல்ல," என்றாள். "கேட்டதில்ல."

திபிர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"போதும் திபிர். அந்தப் பையனுக்குக் கால் நடுங்குது. தாயிருக்கிறவன். மேல கூப்பிடு."

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. லபசானையும் ஹிஸ்ரியையும் மேலே, வீட்டடிக்குக் கூட்டி வந்தார்கள். ஸல்மூ ஏணியிலிருந்து இறங்கி வந்து, அவன் தோளிலிருந்த கஃபனை எடுத்து மடித்து, ஹிஸ்ரியின் கையில் கொடுத்தாள். தாகிரின் தொப்பியை லபசானின் தலையில் வைத்தாள். அவனுக்கு அது பெரிதாக இருந்தது, காதுவரை இறங்கியது. ஹாஜி ஃபாத்திஹா ஓதினார். கெரோத் ஆண்கள் தொப்பியைப் போட்டுக்கொண்டார்கள். ஹிஸ்ரி புல்லில் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

சமாதானம் முடிந்தால் இரண்டு பக்கமும் ஒரே சட்டியில் சாப்பிட வேண்டும். விருந்து அத்தை வீட்டில். இரண்டு கொப்பரைகளில் காய்ந்த இறைச்சி கொதித்தது. பெண்கள் மாவை உருட்டி வெட்டிப் போட்டார்கள். அத்தை நீராவியின் நடுவில் நின்று கிங்காலை அள்ளி அள்ளித் தட்டில் வைத்தாள். பூண்டுச் சாறு ஊற்றினாள். "இன்னும் போடட்டுமா மச்சான்?" என்று திபிரைக் கேட்டாள். ஒருமுறைகூட அப்பா இருந்த பக்கம் பார்க்கவில்லை.

அவளால் கேட்க முடியாது. புரியாத ஒன்றைப் பற்றி எப்படிக் கேட்பது? போனை எடுத்து மகனைக் கூப்பிடவும் முடியாது. திபிர் வாசலுக்கு நேரே உட்கார்ந்து, தின்றபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்குத் தட்டு நிறைந்தபடியே இருந்தது. அவர் ஒரு துண்டுகூட விழுங்கவில்லை. இரண்டு முறை எழப் பார்த்தார். இரண்டு முறையும் பக்கத்திலிருந்த சோல்தாக்காரர் தொடையில் தட்டி உட்காரவைத்தார். "என்ன அவசரம், இப்பதான சொந்தக்காரரானோம்."

நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் வாளியோடு வெளியே போனேன். எங்கள் பக்கம் சிக்னல் கோழிக்கூண்டுக்குப் பின்னால்தான் கிடைக்கும். ஹம்சத்துக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். விரல் மரத்துப்போனது. மூன்றாவது முறை எடுத்தான்.

"யாரு? பாரிசாவா? தூங்கிட்டிருக்கேன்டி. நைட் ஷிப்ட்டு."

"நல்லாத்தான இருக்கே?"

"போன் மட்டும் தண்ணியில விழுந்து ரெண்டு நாளா வேல செய்யல. ஏன், என்னாச்சு? ஏன் அழுவுற?"

"ஜலதோஷம். நீ ஏதாவது கேளு."

"என்ன கேக்கறது?"

"அம்மாகிட்ட ஏதாவது வேணும்னு கேளுடா, மரமண்டை."

"சரி, கம்பளிச் சாக்ஸ் அனுப்பச் சொல்லு. பழசு ஓட்டையாயிடுச்சு."

வாளியில் தண்ணீர் பிடிக்க மறந்து உள்ளே போனேன். எல்லோர் முன்னாலும், சத்தமாக, அவாரில் சொன்னேன். "அத்தை, இப்பதான் ஹம்சத் போன் பண்ணினான். சாக்ஸ் ஓட்டையாம். கம்பளியில வேணுமாம். நல்லாத் தூங்கி எழுந்து கொட்டாவி விட்டுக்கிட்டுப் பேசுறான்."

"வேற வேலையில்ல அவனுக்கு," என்றாள் அத்தை. கரண்டியைக் கொப்பரையின் விளிம்பில் வைத்தாள். அது நழுவி உள்ளே விழுந்தது. அவள் எடுக்கவில்லை. நீராவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, துண்டால் துடைத்து, துடைத்து, துடைத்துக்கொண்டிருந்தாள். "வெங்காயமா?" என்று சைகித் மாமா கேட்டார். வெங்காயம் எங்கேயும் இல்லை.

திபிர் தட்டைத் தள்ளிவிட்டுக் கையைக் கழுவினார். அதற்குமேல் அவர் அத்தையைக் கவனிக்கவில்லை.

சாயங்காலம் கெரோத்காரர்கள் கிளம்பினார்கள். அப்பா வாசலில் நின்று, "என்ன மன்னிச்சுடும்மா," என்றார் அத்தையிடம். அவாரில்தான் சொன்னார்.

"எதுக்குண்ணே? நீங்க சொன்னது ஒண்ணும் எனக்குப் புரியலையே," என்றாள் அத்தை. "மழை வலுக்குறதுக்குள்ள போய்ச் சேருங்க."

ஹிஸ்ரி வேலிக்கு வெளியே அவளுக்காகக் காத்திருந்தார். ஏதோ சொல்ல வந்தார். அவரைப் பார்க்காமலே அத்தை கதவைச் சாத்திவிட்டாள். எங்கள் ஊரில் சில இளவட்டங்கள் இன்றும் அவளைப் பற்றி, "சோல்தாவுக்குப் போனதும் துரைசாணி ஆயிட்டா, சொந்தப் பாஷையே மறந்து போச்சாம்," என்று பேசுகிறார்கள். விஷயம் தெரிந்த பெரியவர்கள் அதட்ட மட்டும் செய்வார்கள், விளக்கமாட்டார்கள். விளக்கினால் அது கீழே சோல்தாவுக்கு இறங்கி வந்துவிடும்.

எல்லோரும் போன பிறகு பெண்கள் சட்டிகளைத் தேய்த்தோம். ஸல்மூ பெரியம்மா சாம்பலைத் தொட்டுத் தொட்டு ஒரே சட்டியை நெடுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தண்ணீருக்குப் போனதும், தலை நிமிராமல் பேசினாள்.

"அந்தக் கிழவர் என்ன சொன்னாருன்னு உன்ன நான் கேக்கல."

அத்தை அடுத்த சட்டியை எடுத்தாள்.

"நீ ஆஸ்பத்திரியில அவன் முகத்தத் துடைக்கிறதுக்கு முன்னாடி, ரோட்டுல அவன் தலைய மடியில வச்சிருந்தவ நான். அவன் வாயில என்ன வாடை அடிச்சுதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு வருஷமாவே தெரியும். அத ஊர் முன்னாடி எவன் வாயாலயாவது கேட்டிருந்தா, என்னால அந்தப் பையன மேல கூப்பிட்டிருக்க முடியாது." சட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "நீ சொல்லிடுவியோன்னு பயந்தேன் உமகனி. நீதான் எப்பவும் சொல்லிடுவியே."

"எனக்கு என்னக்கா தெரியும்," என்றாள் அத்தை. "அந்தப் பாஷைதான் எனக்குத் தெரியாதே."

ஸல்மூ அவள் முகத்தைப் பார்த்து, "ஆமா. தெரியாது," என்று சொல்லிவிட்டு, துண்டைச் சரிசெய்துகொண்டு தன் வீட்டுக்குப் போனாள்.

நான் சமையலறைக் கதவைச் சாத்தினேன். அன்றைக்குப் பேச எவ்வளவோ இருந்தது. எங்கள் மொழியில் ஆரம்பித்தேன். "அத்தை, அவர் ஹம்சத் பேரச் சொன்னப்ப நான் செத்தேன் போ. நீ எப்படி நின்னே?"

அத்தை அடுப்புக்கு வரட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். "என்ன சொல்றே பாரிசா? அவார்ல சொல்லு."

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். "யாருமில்ல அத்தை. கதவு சாத்தியிருக்கு," என்றேன், கெரோத்திலேயே.

அவள் வரட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். களைத்த முகம். அவாரில்தான் பேசினாள், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"நான் எதுமேல கை வச்சுச் சொன்னேன்னு பாத்தே இல்ல?"

"பாத்தேன்."

"இதுவரைக்கும் நான் பொய்ச் சத்தியம் பண்ணினதில்ல. இதையும் பொய்யாக்க மாட்டேன். இன்னைக்கு அது உண்மையில்ல. அதுக்கென்ன, உண்மையாக்கிட்டாப் போச்சு. நானும் பேசமாட்டேன், யார் பேசினாலும் கேக்கமாட்டேன். இன்னும் இருபது வருஷம் இருப்பேனா? அதுக்குள்ள அந்தப் பாஷை போயிடாது?"

"போகாது அத்தை. எப்படிப் போகும்?"

"நீ பேசாம இருந்தாப் போயிடும்," என்றாள். "உன்னால அந்த உதவி எனக்குப் பண்ண முடியுமா?"

அடுப்பில் ஈர வரட்டி புகைந்தது. அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு என் பதிலுக்காக நின்றாள்.

முடியும் என்றேன், அவாரில்.